கோட்டையம்மாள் கண்ணில் முளைத்த குழாய்கள்

குழாய் முளைத்த வருஷம் என்று பெருநீராவியில் நாங்கள் இன்றைக்கும் சொல்கிற அந்த வருஷத்தின் பங்குனி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேலத்தெருத் தையல்கடை வாசலில் ஒன்றும், மாதா கோயில் சந்தில் ஒன்றும், பேரூராட்சி அலுவலகக் கொடிக்கம்பத்தை ஒட்டி ஒன்றுமாக, சுண்டுவிரல் தடிமனில், வெளிர்சிவப்பு நிறத்தில், யாரும் பதிக்காத மூன்று குழாய்கள் மண்ணை முட்டிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றன. திருகு கிடையாது, மூடி கிடையாது. நுனியில் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்த தண்ணீர் மத்தியானத்துக்குள் நூலாக ஒழுகத் தொடங்கியது. வாயில் விட்டுப் பார்த்தோம். லேசான இரும்பு வாடை, மற்றபடி நல்ல தண்ணீர். யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஆச்சரியப்படுவதற்கெல்லாம் தண்ணீர் உள்ள ஊரில் பிறந்திருக்க வேண்டும். நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

எங்கள் ஊர்ப் பெயரில் இருந்த நீர் எப்போதோ வற்றிவிட்டது, மிச்சம் இருப்பது ஆவி மட்டும்தான் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கிணறு தோண்டினால் உப்பு, ஆழ்துளை போட்டால் அதைவிட உப்பு. பேரூராட்சித் தொட்டியிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம் வருகிற தண்ணீர்தான் குடிக்க, சமைக்க, விருந்தாளி வந்தால் முகம் கழுவ. வருஷா வருஷம் மனு எழுதினோம். கலெக்டருக்கு எழுதினோம், மந்திரிக்கு எழுதினோம், ஒரே மனுவை மூன்று பிரதி எடுத்து மூன்று அலுவலகத்துக்கும் எழுதினோம். கூட்டுக் குடிநீர்த் திட்டம் பரிசீலனையில் உள்ளது என்று ஒரே பதில் மூன்று இடத்திலிருந்தும் வந்தது.

வருகிற அந்த அரைமணி நேரத்தைத் தெருத்தெருவாகப் பங்குபோட்டுத் திறந்துவிடுகிறவள் கோட்டையம்மாள். ஐம்பத்திரண்டு வயசு. தோளில் ஆளுயர இரும்புச் சாவியைச் சாய்த்துக்கொண்டு நடப்பாள். அதைக் குழிக்குள் இறக்கி வால்வைத் திருகினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரும், இன்னொரு தெருவுக்கு நிற்கும், நின்ற தெரு அவளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து ஏசும். மண்ணுக்கு அடியில் எந்த லைன் எங்கே திரும்புகிறது என்பது எஞ்சினியருக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வருவாள். கரிமூட்டம் போடுகிற அவள் புருஷன் பால்சாமி, கல்யாணமான நாளிலிருந்து இவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பார். பதினாலு வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரை சுருக்குப்பையில் இருக்கும். சுருக்குப்பை எங்கே இருக்கிறது என்பதுதான் அவளுக்கு மறந்துபோகும்.

மேற்குப் பக்கம் குழாய்கள் மூன்று ஏழாகி, ஏழு பதினொன்றான சமயத்தில், இடது கண்ணுக்குள் நூல் நூலாக ஏதோ மிதக்கிறது என்றாள் கோட்டை. பால்சாமி அவளை மதுரைக்கு அழைத்துப் போனார். கையில் மஞ்சள் மருந்தை ஏற்றிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். டாக்டர் ஜெசிந்தா என்ற குள்ளமான, வேகமாகப் பேசுகிற அம்மா, கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது உங்க இடது கண்ணோட விழித்திரை. இங்க, இங்க, இங்க, புதுசு புதுசாக் குழாய் முளைச்சிருக்கு பாருங்க."

பால்சாமி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "புதுக் குழாயா? ரொம்ப சந்தோசம்ங்கம்மா. நீங்க நல்லா இருக்கணும்."

சிரிக்காதீர்கள். பெருநீராவியில் யாரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் கும்பிட்டிருப்போம்.

"ஐயா, உக்காருங்க. ரத்தக் குழாய். முளைக்கக் கூடாத எடத்துல முளைச்சிருக்கு."

கோட்டை உட்காரவே இல்லை. படத்துக்கு அருகே போய், வெளிச்சமாகத் தெரிந்த வட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "இது தொட்டி. இது மேலத்தெரு மெயின் லைன். இந்தா திரும்புது பாருங்க, தையல்கடை. இது மாதா கோயில் சந்து. இது கொடிக்கம்பம். அம்மா, இது எங்க ஊரு. தொட்டிக்கு மேக்கால உள்ளது அம்புட்டும் இதுல இருக்கு."

எத்தனையோ ஊர்க்காரர்களின் கண்ணுக்குள் எதையெதையோ பார்த்தவர் டாக்டர். அப்படியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னார். "சர்க்கரை ரத்தத்துல ஏறி ஏறி, பழைய குழாயெல்லாம் அடைபட்டுப் போச்சு. திரைக்கு ரத்தம் பத்தல. தாகத்துல தவிக்குது. குழாய் போடு, குழாய் போடுன்னு உடம்புக்கு மனு மேல மனு எழுதுது. உடம்பும் அவசர அவசரமா ஏதோ ஒரு குழாயைப் போட்டுத் தள்ளுது. பலமில்லாத குழாய். கசியும், ஒரு நாள் உடையும். உடைஞ்சா கண்ணு நெறைய ரத்தம். நாங்க போடுற மருந்து, அந்த மனுவைப் போற வழியிலயே பிடிச்சு வச்சுக்கும். மனு போகலைன்னா குழாய் சுருங்கிரும்."

"தாகம்?" என்றாள் கோட்டை.

டாக்டர் கம்ப்யூட்டரைவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "தாகத்தை இந்த மருந்து தீர்க்காது. சர்க்கரையைக் குறைக்கணும். குறைக்கலைன்னா இன்னும் முளைக்கும். மாசம் ஒருக்கா ஊசிக்கு வரணும், கண்ணுக்குள்ளயே போடுவோம். வலி தெரியாம சொட்டு விட்டுருவோம். ஒரே நிமிஷம் அசையாமப் படுத்திருந்தாப் போதும்."

"அசையாமயா?" என்று கோட்டை பயந்தாள். ஊசிக்கு அவள் பயப்படவில்லை.

ஊசி போட்டு வந்த நாலாம் நாள் தையல்கடைக் குழாய் வெளிறிச் சுருங்கி, குடம் இடித்ததும் உதிர்ந்துபோனது. எட்டாம் நாளுக்குள் மேற்குப் பக்கம் பதினொன்றும் போயின. கோட்டையோ கண்ணில் நூல் மிதக்கவில்லை என்று சந்தோஷமாகச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றினாள். பால்சாமிக்கு மனசில் எதுவும் தங்காது. டாக்டர் சொன்னது, கோட்டை படத்தில் விரல் வைத்தது, மனு, தாகம், எல்லாவற்றையும் டீக்கடையில் ஒப்பித்துவிட்டார். அன்று சாயங்காலமே நாங்கள் அவள் வீட்டு வாசலில் நின்றோம்.

நாங்கள் கெட்டவர்கள் இல்லை. மிரட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. கேட்டோம், அவ்வளவுதான். கவுன்சிலர் தனுஷ்கோடி எங்களுக்காகப் பேசினார்.

"கோட்டக்கா, ஊசி போடவே வேணாம்னு நாங்க சொல்லல. தள்ளிப் போடுங்கன்னுதான் சொல்றோம். கோடை முடியட்டும். அதுக்குள்ள திட்டம் வந்துரும். நானே கலெக்டர்ட்டப் பேசியிருக்கேன்."

பின்னால் நின்ற பெண்கள் அவளைத் தாயி என்று கூப்பிட்டார்கள். முப்பது வருஷமாக அவளைக் கூப்பிட வேறு வேறு வார்த்தைகளை வைத்திருந்தவர்கள். கோட்டை சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு மாசந்தானே என்றாள்.

ஒரு மாசம் இரண்டு மாசமானது. குழாய்கள் முன்னைவிடக் கொத்துக் கொத்தாக முளைத்தன; வைகாசியில் மேற்கே நாற்பது, ஆனியில் தொட்டிக்குக் கிழக்கேயும் எட்டிப்பார்த்துப் பள்ளிவாசல் தெரு வரை அறுபது. குழாய் முளைத்த தெருவில் பெண் கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வந்தார்கள், முளைக்காத தெருக்காரர்கள் முளைத்த தெருவில் மாமன் மச்சான் உறவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், ஆட்டைக் குளிப்பாட்டினோம், அழுக்கில்லாத துணியைக்கூட இன்னொரு தரம் துவைத்தோம், ஒருவர் வாழை வைத்தார், இன்னொருவர் அதைப் பார்த்துப் பொறாமையில் இரண்டு வாழை வைத்தார். பேரூராட்சி எஞ்சினியர் ஒரு குழாயடியில் தோண்டிப் பார்த்து, கீழே எந்த லைனோடும் சேராமல் அது மண்ணுக்குள் மயிரிழையாய்ப் போய் முடிவதைக் கண்டு, அனுமதியற்ற இணைப்புகளை ஏழு நாளுக்குள் அகற்ற வேண்டும் என்று கோட்டையம்மாள் பெயருக்கு நோட்டீஸ் அனுப்பினார். அனுப்பிவிட்டு அந்தக் குழாயிலேயே கைகால் கழுவிக்கொண்டு போனார்.

அடுத்து நாங்கள் செய்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சர்க்கரையைக் குறைக்கலைன்னா இன்னும் முளைக்கும் என்று டாக்டர் எச்சரித்ததைப் பால்சாமி சொன்னார் அல்லவா, அது எங்கள் காதில் பக்குவமாக விழுந்தது. அதிரசம் சுட்டுக் கொண்டுபோனோம். பாயாசம் கொண்டுபோனோம். நோன்புக்கு வைத்திருந்த பேரீச்சம்பழம், மாதா கோயில் திருவிழாவின் சர்க்கரைப் பொங்கல், கவுன்சிலர் வீட்டு நெய் அல்வா, எல்லாம் அவளைத் தேடிப் போயின. பிரியத்தோடுதான் கொடுத்தோம்; அதுதான் கொடுமை, பிரியத்தோடுதான் கொடுத்தோம். இனிப்பென்றால் உயிரை விடுகிற கோட்டை, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே தின்றாள். அவள் ஒரு கிண்ணம் முடித்தால் மறுநாள் எந்தத் தெருவில் முளைத்தது என்று பார்க்க ஆள் ஓடியது.

அதோடு, அவள் வெயிலில் அலைந்து உடம்பு இளைத்துவிடக் கூடாது என்று தொட்டியடியில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, அவளை உட்காரவைத்தோம். சாவியை வேறொருவர் கையில் கொடுத்தோம். அவள் எழுந்தால் நாலு பேர் எழுந்து, எங்க தாயி, என்ன வேணும், நாங்க கொண்டாறோம் என்பார்கள். அவள் கால்கள் மட்டும் நாற்காலிக்கடியில் நடந்துகொண்டே இருந்தன. செருப்பு உரசி உரசி மண்ணில் இரண்டு குழி விழுந்துவிட்டது. ஊசிக்குப் போகணும் என்று அவள் வாய் திறந்தபோதெல்லாம் அடுத்த வாரம் என்றோம். பால்சாமி ஆஸ்பத்திரி ஃபைலை எங்கோ ஒளித்துவைத்திருந்தார். டீக்கடையில் அவருக்கு இப்போது பெஞ்சு கிடையாது, நாற்காலி போட்டார்கள்.

ஆடி மாசம் பதினேழாம் தேதி, காலைச் சாப்பாட்டு நேரத்தில், கோட்டை பந்தலில் உட்கார்ந்தபடியே இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, யாரோ சிவப்புச் சேலையை உதறி மேலே போட்ட மாதிரி இருக்கே என்றாள். அதே நிமிஷத்தில் மேற்குப் பக்கத்துக் குழாய்கள் அத்தனையும் வெடித்தன. செந்நீர் ஆளுயரத்துக்குப் பீச்சியடித்து, தையல்கடையில் தைத்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகளை நனைத்து, மாதா கோயில் படியில் ஏறி, மூன்று வீட்டு மண்சுவரைக் கரைத்துத் தள்ளியது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. குழாய்கள் சுருண்டு, பக்கத்து மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டன. மேலத்தெரு நெடுகப் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது.

இடது கண்ணில் கோட்டைக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தோம், சிலர் அழுதோம். மேலத்தெருக்காரர்கள் அழுதது கண்ணுக்காகவா குழாய்க்காகவா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. மூன்றாம் நாள் நாங்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தோம். போனது போச்சு என்றோம். கிழக்குப் பக்கம் நன்றாகத்தானே ஓடுகிறது, வலது கண் தெளிவாகத்தானே இருக்கிறது என்றோம். அது வேற கண்ணு, அதுக்கு ஒண்ணும் ஆகாது என்று கவுன்சிலர் சொன்னார். அவர் குரல் அவருக்கே பிடிக்காத மாதிரி இறங்கிப்போயிருந்தது. அப்படியும் சொன்னார். கோட்டை ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்தாள். மறுநாள் காலை ஏழு மணி மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், தன்னந்தனியாக.

பஸ் பள்ளிவாசல் முக்குத் திரும்பியபோது சாலைக்குக் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை குடங்களை அடுக்கியிருந்தோம். பச்சை, நீலம், ஆரஞ்சு, எல்லாம் நிறைகுடம். எங்கள் பக்கத்தில் நிறைகுடத்தை யாரும் காலால் தள்ளமாட்டார்கள், டிரைவர் சக்கரம் ஏற்றமாட்டார். அது தெரிந்துதான் அடுக்கினோம். குடத்துக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள், பெண்களுக்குப் பின்னால் ஆண்கள் நின்றார்கள். கோட்டை பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து குடங்களுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவளுக்கும் அவற்றைத் தாண்டக் கால் வரவில்லை.

"எல்லாரும் ஒருக்காச் சொல்லுங்க," என்றாள். "நான் உக்காந்தே சாகணுமா? கையப் பிடிச்சுக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் தேடணுமா? அதச் சொல்லுங்க. சொல்லிட்டா நான் திரும்பிப் போறேன்."

சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. நகரவும் இல்லை.

அப்போது ஜீனத் அக்கா வந்தாள். பள்ளிவாசல் தெருவில் ஊரிலேயே தடித்த குழாய் அவள் வீட்டு வாசலில்தான் முளைத்திருந்தது. பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிற அவள் புருஷனுக்கு முதுகெல்லாம் புண். குழாய் வந்த பிறகு தினம் இரண்டு தரம் குளிப்பாட்டி, புண் ஆறி, அவர் ஆறு வருஷத்தில் முதல்முறையாக மல்லாந்து படுத்துத் தூங்குகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவள் வருவதைப் பார்த்ததும், நமக்காகப் பேச வந்துவிட்டாள் என்று நினைத்தோம். அவள் வரிசையின் நடுவில் குனிந்து, தன் நீலக் குடத்தைத் தேடி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என் கொடத்த நான் எடுத்துக்கிறேன்," என்றாள். "மத்தவுக கொடத்தப் பத்தி எனக்குத் தெரியாது."

"அக்கா, அண்ணனுக்கு?" என்றாள் கோட்டை.

"அவுகள நான் பாத்துக்கிறேன். ஈரத்துணி வச்சுத் தொடச்சுத்தான் ஆறு வருசம் ஓட்டுனேன். நீ போ, கோட்ட. வெயிலு ஏறுறதுக்குள்ள போ." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைத் துடைக்கக் கை இல்லாமல் குடத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஒரு குடம் எடுத்த இடைவெளியில் பஸ் போக முடியாது, ஒரு மனுஷி போகலாம். கோட்டை சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக நடந்து வந்தாள், எங்கள் நடுவே நடந்தாள், எங்களுக்குப் பின்னால் நடந்தாள். இடது பக்கம் தெரியாததால் ஒருதரம் வேலிமுள்ளில் உரசிச் சரிசெய்துகொண்டு, அடுத்த ஊர் நிறுத்தத்தைப் பார்த்து, பந்தலில் உட்கார்ந்த அத்தனை நாளுக்கும் சேர்த்து வேகவேகமாக நடந்தாள். கொஞ்ச நேரத்தில் பால்சாமி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடியதைப் பார்த்தோம். தோட்டக்காட்டுப் பாலத்தில் அவளை எட்டிப்பிடித்து ஃபைலை நீட்டினாராம். அவள் வாங்கிக்கொண்டாளாம், அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

டாக்டர் ஜெசிந்தா படம் எடுத்துப் பார்த்து, இடது கண்ணில் திரையே சுருண்டு பிரிந்துவிட்டது, ரொம்ப நாளாகிவிட்டது, இனி எதுவும் செய்ய முடியாது என்றார். ஏன் வரவில்லை என்று கத்தினார். பால்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலது கண்ணிலும் குழாய் முளைத்திருந்தது; அதற்கு அன்றைக்கே ஊசி போட்டார்கள். கோட்டை ஒரு நிமிஷம் முழுக்க அசையாமல் படுத்திருந்தாளாம்.

கிழக்கே குழாய்கள் வெளிறத் தொடங்கின. ஒவ்வொரு தெருவாகச் சுருங்கி உதிர்ந்தன, கடைசியாக ஜீனத் அக்கா வாசலில் நின்றதும் உதிர்ந்தது. அதற்கப்புறம் கோட்டையோடு யாரும் பேசவில்லை. ஏசவும் இல்லை. தாயி என்றும் கூப்பிடவில்லை, கோட்டை என்றும் கூப்பிடவில்லை. அவள் எதிரே வந்தால் குடத்தைப் பார்த்துக்கொண்டோம், வானத்தைப் பார்த்துக்கொண்டோம். கோபமா வெட்கமா என்று கேட்டால் இரண்டும்தான், எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. குழாய்கள் வந்தபின் யாரும் தொடாமல் பந்தலில் கிடந்த சாவியை அவள் எடுத்துத் துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டதைப் பார்த்தோம். பேசவில்லை.

பத்தாம் நாள் தொட்டித் தண்ணீர் முறை வந்தது. கோட்டை கிழக்கே திறந்தாள், வடக்கே திறந்தாள், மேலத்தெருவுக்கு வந்து வால்வுக் குழியைத் தேடினாள். மண் பிளந்ததில் குழி இடம் மாறியிருந்தது, அதுவும் அவளுக்கு இடது பக்கமாக இருந்தது. சாவியைத் தரையில் தட்டித் தட்டித் தடவினாள். அரைமணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தெரு முழுக்கக் குடத்தோடு நின்று, வாயை இறுக்கிக்கொண்டு பார்த்திருந்தோம். தையல்கடைக்காரன் பெண்சாதி சந்தனமேரிக்குத்தான் பொறுக்கவில்லை. பத்து நாளாக அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து அவள் வாயிலிருந்து வந்தது.

"ஏ கோட்ட! கண்ணு என்ன அவிஞ்சா போச்சு ஒனக்கு? தண்ணி நிக்கப் போகுதுடி!"

சொன்ன பிறகுதான் சந்தனமேரிக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. குடத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

கோட்டை நிமிர்ந்தாள். கழுத்தை முழுசாகத் திருப்பி, வலது கண்ணால் அவளைத் தேடிப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒண்ணுதாண்டி அவிஞ்சிருக்கு," என்றாள். "இன்னொண்ணுல, நீ அஞ்சு பேரத் தள்ளிட்டு முன்னால வந்து நிக்கிறது நல்லாத் தெரியுது. பின்னாடி போய் வரிசையில நில்லு."

சந்தனமேரி அழுதுகொண்டே குடத்தை எடுத்துப் பின்னால் போனாள். நாங்களும் வரிசையில் நின்றோம்.